இணையவழி ஓவிய விற்பனையும் மிகைமெய்ம்மையும்

ஓவியங்களை நூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் கண்டு பயின்றோர் அவற்றின் பருமனை அறியாமலே அவற்றை அறிந்தவராகின்றனர். பிக்காசோ 1937 ஆம் ஆண்டில் தீட்டிய ‘குவர்னிக்கா’ ஏறத்தாழ 7.8 மீற்றர் நீளமும் 3.5 மீற்றர் உயரமும் கொண்டது. நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றின் கூடத்துள் அதனை நிறுத்தவும் இயலாது. உருகி வழியும் கடிகாரங்களாற் புகழ்பெற்றதும் சல்வதோர் டாலி 1931 இல் வரைந்ததுமான ‘நினைவின் நிலைபேறு’ 24 சென்ரிமீற்றர் உயரமும் 33 சென்ரிமீற்றர் அகலமுமே உடையது. இரண்டாக மடித்த புதினத்தாள் ஒன்று அதனை முற்றாக மறைத்துவிடும். ஆயினும், கையடக்கத் தொலைபேசியின் திரையில் இவ்விரண்டும் ஒரே அகலத்தினவாகவே தோன்றுகின்றன. கலை வரலாறு பயிலும் மாணவருக்கு இது சிறு குறை. விலைகொடுத்து வாங்க முற்படுபவருக்கோ இதுவே முதற்றடை.

ஓவிய வணிகர் இத்தடையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளரின் இல்லத்துக்கு ஓவியத்தை அனுப்பிச் சில நாள்கள் சுவரில் தொங்கவிட்டுப் பார்க்க இடமளிப்பது அவர்களிடையே வழங்கிவந்த முறையாகும். இணையவழி விற்பனையில் இதற்கு இடமில்லை. நீள அகலங்கள் எண்களாற் குறிக்கப்பட்டிருக்கும் என்பது உண்மையே. எனினும் 90 சென்ரிமீற்றர் என்ற எண்ணைக் கண்டதும் தம் வீட்டுச் சுவரில் அது எவ்வளவு இடத்தைக் கொள்ளும் என மனக்கண்ணிற் காணவல்லோர் தச்சரும் தையற்காரருமேயன்றி ஏனையோரல்லர். ஆட் பாசல் நிறுவனமும் யூ.பி.எஸ். வங்கியும் இணைந்து வெளியிடும் ஆண்டறிக்கையின்படி 2020 ஆம் ஆண்டில் உலகில் இணையவழி நிகழ்ந்த கலைப்பொருள் விற்பனை 12.4 பில்லியன் அமெரிக்க டொலர். 2019 ஆம் ஆண்டினதைவிட ஏறத்தாழ இருமடங்கு. பெருந்தொற்றினால் விளைந்த இவ்வுயர்வு பின்னர் ஓரளவு தணிந்ததேனும் பழைய நிலைக்கு மீண்டுவிடவில்லை. இத்துணைப் பெருந்தொகைக்கு ஓவியங்கள் நேரிற் காணப்படாமலே கைமாறுகின்றன என்பதை மனத்திற் கொண்டே மிகைமெய்ம்மை என்னும் தொழினுட்பத்தின் பயன் ஆராயப்படல் வேண்டும்.

கண்முன் உள்ள மெய்யான காட்சியின்மீது கணனி ஆக்கிய உருவத்தைப் பொருத்திக் காட்டுவதே மிகைமெய்ம்மையாகும். இக்கருத்து புதியதன்று. 1968 இல் ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்து பார்க்கத்தக்க கருவியொன்றை அமைத்து, அறையின்மீது கோட்டுருவங்கள் மிதப்பதுபோலக் காட்டினார். 1990களின் தொடக்கத்திற் போயிங் விமான நிறுவனத்தில் தோமஸ் கோடெல், டேவிட் மிசெல் ஆகியோர் மின்கம்பிகளைப் பொருத்தும் தொழிலாளர்க்கு வழிகாட்டும் பொருட்டு இத்தகைய முறையை ஆராய்ந்தபொழுதே ‘ஓக்மென்ரட் றியாலிற்றி’ என்ற ஆங்கிலப் பெயர் வழக்குக்கு வந்தது. 1997 இல் றொனால்ட் அசுமா இதற்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். மெய்யும் புனைவும் ஒருங்கு தோன்றல் வேண்டும். பார்ப்பவரின் அசைவுக்கேற்ப அக்கணமே மாறல் வேண்டும். முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் நிலைகொள்ளல் வேண்டும். இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கின், விற்பனைத் தளங்கள் பல காட்டும் ‘அறையில் ஓவியம்’ என்ற படம் மிகைமெய்ம்மை ஆகாது. எவருடையதோ ஓர் அறையின் நிழற்படத்தில், நீண்ட இருக்கை ஒன்றின் மேலே ஓவியத்தின் படத்தை ஒட்டிவைத்த காட்சியே அது. அவ்விருக்கையின் நீளத்தை அறியாதவருக்கு அதனாற் பயன் சிறிதே.

உண்மையான மிகைமெய்ம்மை அளவை எங்ஙனம் அறிகிறது என்பது சிறிது விரித்துரைக்கத்தக்கது. தனியொரு கமராவினால் அளவை அறியவியலாது. அருகிலுள்ள சிறிய பெட்டியும் தொலைவிலுள்ள பெரிய பெட்டியும் அதன் படத்தில் ஒன்றுபோலவே பதியும். எனவே தொலைபேசியை மெல்ல அசைக்குமாறு செயலி நம்மைக் கேட்கிறது. அவ்வசைவின்போது சுவரின் மூலை, மின்னாளியின் விளிம்பு, சுவர்ப்பூச்சின் கறை போன்ற வேறுபடுத்தி அறியத்தக்க புள்ளிகள் படத்தில் எவ்வளவு இடம்பெயர்கின்றன எனக் கணனி கணிக்கிறது. அதேவேளை தொலைபேசியினுள் இருக்கும் ஆர்முடுகல்மானி, அக்கருவி உண்மையில் எத்தனை சென்ரிமீற்றர் நகர்ந்தது என்பதைக் கணிக்க உதவுகிறது. கமராவின் கணிப்புக்கு அளவுகோலை வழங்குவது இந்த ஆர்முடுகல்மானியே. இரண்டும் இணைந்தபின்னரே, ஓவியத்தைத் திரையில் எவ்வளவு பெரிதாக வரைதல் வேண்டும் என்பது துணியப்படுகிறது.

இத்தொழினுட்பம் தளவாட வணிகத்துக்கு முதலிற் பயன்பட்டமைக்கும் காரணம் உண்டு. அப்பிள் நிறுவனம் 2017 செப்டெம்பரில் வெளியிட்ட ஏ.ஆர்.கிற் என்னும் மென்பொருள் தொடக்கத்தில் தரை, மேசை போன்ற கிடையான பரப்புகளை மாத்திரமே இனங்கண்டது. ஆகவே நாற்காலியை வைத்துப் பார்க்க இயன்றது. இக்கியா நிறுவனம் அவ்வாண்டிலேயே அதற்கான செயலியை வெளியிட்டது. சுவர் போன்ற நிலைக்குத்தான பரப்பை இனங்காணும் ஆற்றல் 2018 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 11.3 பதிப்புடனேயே வந்தது. அதன்பின்னும் இடர்ப்பாடு முற்றாக நீங்கவில்லை. ஓவியம் தொங்கவிடுவதற்கு மிகவும் உகந்தது கறையற்ற வெண்சுவர். புள்ளிகளைத் தேடும் கணனிக்கு மிகவும் ஒவ்வாததும் அதுவே! சுவரும் தரையும் கூடும் கோட்டை முதலிற் காட்டுமாறு சில செயலிகள் கேட்பது இதன்பொருட்டேயாம். ஒளிக்கதிரை எய்து அது மீளும் நேரத்தாற் தூரத்தை அளக்கும் லைடார் உணரி 2020 இல் ஐபாட் புரோ, ஐபோன் 12 புரோ ஆகிய விலையுயர்ந்த கருவிகளில் இடம்பெற்றபோது இக்குறை பெரிதும் தணிந்தது. எளிய கருவி உடையோருக்கு அது இன்றும் உண்டு.

இனி, இம்முறை காட்டாதவற்றை நோக்குவோம். மாலைவேளையில் மஞ்சள் விளக்கின்கீழ் ஒருவர் தம் சுவரைப் பார்க்கிறார் எனக் கொள்வோம். சுவர் அவ்வொளியிற் தோன்றுகிறது. ஓவியமோ நிழற்படம் எடுக்கப்பட்ட கூடத்தின் ஒளியைச் சுமந்து வருகிறது. அறையின் ஒளியை மதிப்பிட்டுப் படத்தைச் சிறிது திருத்தும் வசதி மென்பொருளில் உண்டாயினும் அத்திருத்தம் பருமட்டானது. செறிந்த நீலப்பச்சை நிறப்பொருள்கள் சிலவற்றைச் சாதாரணத் திரையால் உள்ளவாறு காட்டவே இயலாது. பொன்தகட்டின் நிலை இன்னும் இடர்மிக்கது. குஸ்தாவ் கிளிம்ற் 1907-08 இல் தீட்டிய ‘முத்தம்’ என்னும் ஓவியத்தின் முன்னே நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் வேறொரு பளபளப்பைக் காண்பார். பொன்தகடும் புடைப்பும் கொண்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இது பொருந்தும். மிகைமெய்ம்மையில் நாம் நடக்கிறோம், பொன் அசைவதில்லை. வான்கோவின் தடித்த தூரிகைத் தடமும் அவ்வாறே தட்டையாகிவிடுகிறது. ஓர் ஓவியத்தை ஓவியமாக்கும் பண்புகளுட் பெரும்பாலானவை இங்ஙனம் விடுபட்டுப்போக, அளவும் இடமும் மாத்திரம் வாங்குவோரை அடைகின்றன.

இதனால் ஓவியம் சுவரலங்காரமாக இழிகிறது என்று கண்டிப்போர் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இருக்கையின் நிறத்தோடு பொருந்துகிறதா என்ற வினா இம்முறையில் முந்திக்கொள்கிறது. எனினும், முதன்முறையாக ஓவியம் வாங்குபவரின் அச்சம் கலைநயம் பற்றியதாக இருப்பது அரிது என்பதே என் கருத்து. பிடித்த படம் சுவருக்குப் பெரிதாகிவிடுமோ, காசு வீணாகிவிடுமோ என்றே அவர் தயங்குகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுச் சட்டவிதிப்படி வணிகரிடமிருந்து தொலைவிலிருந்து வாங்கிய நுகர்வோர் 14 நாள்களுக்குட் காரணம் கூறாமலே வாங்கலைக் கைவிடலாம். விற்பவருக்கோ, திரும்பிவரும் ஓவியம் ஒவ்வொன்றும் பொதிசெலவும் சேத அபாயமும் ஆகும். அளவு பற்றிய ஐயம் முன்னரே தீர்வது இருசாராருக்கும் நன்று. முகவரோ காட்சிக்கூடமோ வாய்க்காத இளம் ஓவியருக்கு அது மேலும் நன்று.

அத்தகைய ஓவியர் பெருந்தளங்களையே நம்பியிருக்கவேண்டிய நிலையும் இன்றில்லை. கூகிள் நிறுவனம் இலவசமாக வழங்கும் ‘மொடல் வியூவர்’ என்னும் மென்பொருட் கூறு, ஓவியர் தம் சொந்த இணையத்தளத்திலேயே படத்தைச் சுவரிற் காட்ட உதவுகிறது. ஆயின் அவர் மூன்றிற் கருத்தாயிருத்தல் வேண்டும். நிழற்படம் ஓவியத்தின் விளிம்போடு சரியாக வெட்டப்படல் வேண்டும். 40 சென்ரிமீற்றர் அகல ஓவியத்தின் இருபுறமும் மேசைப்பரப்பு ஒவ்வொரு சென்ரிமீற்றர் பதிந்திருப்பின், ஓவியம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். குறித்த அளவு சட்டத்தோடு கூடியதா, சட்டமின்றியா என்பதும், அங்குலமா சென்ரிமீற்றரா என்பதும் தெளிவாயிருத்தல் வேண்டும். மூன்றாவது பலரும் கவனியாது விடுவது. வேறாகக் குறிப்பிடாவிடின், பார்ப்பவர் இரு விரல்களால் உருவத்தை விரித்தும் சுருக்கியும் பார்க்க இம்மென்பொருள் இடமளிக்கிறது. விற்பவர் அவ்வசதியைப் பூட்டிவைக்காவிடில், 30 சென்ரிமீற்றர் ஓவியம் வாங்குவோரின் விரலசைவில் ஒரு மீற்றராகும்; பொதி வந்து சேரும் நாளில் அது மீண்டும் 30 சென்ரிமீற்றராகவே இருக்கும்.