மலை இறங்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் வெயிலுக்குத் தப்பி மலையேறும் கார்கள் பெருகிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. ஏறும்போது எல்லாருக்கும் என்ஜினைப் பற்றித்தான் கவலை. வண்டி இழுக்குமா, ஹீட் ஆகுமா, ஏசியை அணைத்துவிடலாமா என்று யோசித்தபடியே ஏறுவார்கள். இறங்கும்போது அந்தக் கவலை போய்விடும். ஆனால் காருக்கு உண்மையான சோதனை இறக்கத்தில்தான். அந்தச் சோதனையில் பெரும்பங்கு வகிப்பது, பானெட்டுக்கு அடியில் ஓட்டுநர் பக்கம் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களும் பெட்டிகளுமாக 1,300 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 12.7 மெகாஜூல். 25 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எதிர்க்காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். குறைந்த கியரில் இறங்கினால் என்ஜின் பெரும்பகுதியைத் தாங்கும். நியூட்ரலில் போட்டோ, உயர்ந்த கியரில் விட்டோ இறங்கினால் அத்தனை வெப்பமும் பிரேக்கின் தலையில்தான் விழும். மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான்.

பிரேக் வேலை செய்வது திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்ற ஒரே நம்பிக்கையில். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அப்படியே போய்ச் சேரும். பெரும்பாலான கார்களில் இருக்கும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் கிளைக்கால் சார்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. டப்பாவை இறுக மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகக்கூட ஈரம் உள்ளே கசியும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகையில் 230 டிகிரி 155 ஆகிறது. தொடர்ந்து மிதித்தபடி இறங்கும் காரின் பிரேக் டிஸ்க் இந்த வெப்பநிலைகளைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூடு பிரேக் பேடு, பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும். காலை வைத்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழைய இறுக்கத்துக்கு வந்துவிடும். மலையடிவார மெக்கானிக் மிதித்துப் பார்த்துவிட்டு “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்பார். அவர் சொல்வதும் அந்த நேரத்துக்கு உண்மைதான். ஆயிலை மாற்றாமல் அடுத்த மலைக்குப் போனால் அதே கதை திரும்பும். பெடல் இறுக்கமாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்க மறுத்தால் அது வேறு கோளாறு: பேடுகள் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கின்றன. இரண்டுக்கும் அந்த நேரத்து வழி ஒன்றுதான். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, ஓரம்கட்டி ஆறவிட வேண்டும். பெடல் தரைவரை போனால் வேகமாக விட்டுவிட்டு மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கும்.

ஆகவே பிரேக் ஆயிலை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து மாற்றுவது சரியல்ல. ஓடாமல் வீட்டில் நிற்கும் வண்டியிலும் அது ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பல நிறுவனங்களின் வழக்கம். தன் காருக்கு என்ன கெடு என்பதை அவரவர் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், பழையது காப்பி நிறத்துக்குப் போய்விடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஈரத்தை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி பல பணிமனைகளில் இருக்கிறது, கேட்டால் வைத்துக் காட்டுவார்கள்.

டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடுவது இன்னொரு தவறு. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் மெல்ல இறங்கும். மெதுவாக இறங்கினால் பேடைச் சோதிக்க வேண்டும். சட்டென்று இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அந்த வண்டியை ஓட்டவே கூடாது. மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றக் கூடாது. என்ஜின் ஆயில் ஒரு சொட்டுக்கூட இதில் கலக்கக் கூடாது. சீல்களின் ரப்பர் உப்பி, பிரேக் முழுவதையும் கழற்ற வேண்டி வரும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றிலும் பிரேக் ஆயில் உண்டு. இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை நிரப்பும் வசதி மலையில் பெரிய துணை. ஆனால் மலை உச்சி விடுதியில் பேட்டரியை 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. முதல் சில வளைவுகளில் முழுப் பாரமும் சாதாரண பிரேக்குக்கே வரும்.

அடுத்தது கூலன்ட். நம் ஊரில் இதை அலட்சியப்படுத்துவதற்கு ஒரு காரணம், இது குளிர்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சம அளவு கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது உண்மைதான், அது சென்னைக்கும் மதுரைக்கும் தேவையில்லை என்பதும் உண்மைதான். அதே கலவை கொதிநிலையையும் உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது இன்னும் உயர்ந்து 125 டிகிரியைத் தாண்டுகிறது. ஏப்ரல் மாத நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகும் காருக்கு இந்த இடைவெளிதான் காவல். இன்னொரு வேலை, அரிப்பைத் தடுப்பது. இன்றைய என்ஜின் ஹெட்டும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அந்த உலோகத்தை அரிக்கும், நுண்குழாய்களில் படிந்து அடைக்கும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேர்வதில் தவறில்லை. வந்தபின் அதை முழுவதும் வடித்து, சரியான கூலன்ட்டை நிரப்ப வேண்டும். கலந்தே விற்கும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். அடர்த்தியாக விற்பதை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்துதான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் தனிக் கிளைக்கால் கலவையைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான தரநிலை கிடையாது. நிறத்தைப் பார்த்து வாங்காமல் கையேடு சொல்லும் வகையைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

கூலன்ட் அளவைப் பார்க்க எந்த மூடியையும் திறக்கவே தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் தொட்டியில் இரண்டு கோடுகள் இருக்கும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது திரவம் அவற்றின் நடுவில் நின்றால் சரி. சூடான வண்டியில் மூடியைத் திறப்பது விபரீதம். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருக்கும் நீர் கொதித்துப் பீறிடும், முகமும் கையும் வெந்துபோகும். வழியில் வெப்ப முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம்கட்ட வேண்டும். நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும் ஆபத்து உண்டு.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் என்ஜின் ஆயிலைப் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் அடியிலோ பால் கலந்தது போன்ற பசை தென்பட்டு, சைலன்சரில் ஓயாமல் வெள்ளைப் புகையும் வந்தால், மெக்கானிக்குகள் “கேஸ்கட் போயிடுச்சு” என்று சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கூலன்ட் உள்ளுக்குள்ளேயே வழி கண்டுபிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

என்ஜின் ஆயிலைப் பார்க்கும் முறை பலருக்கும் தெரியும், பொறுமைதான் வருவதில்லை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஓடிய என்ஜின் என்றால் அணைத்துச் சில நிமிடங்கள் கழிந்து ஆயில் அடியில் இறங்கியிருக்க வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கு அடியில் போவது எவ்வளவு கெடுதலோ, மேற்கோட்டைத் தாண்டுவதும் அவ்வளவு கெடுதல். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்; நுரை உராய்வைத் தாங்காது. டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுப்பது புகைக்கரியால், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பிஎஸ் 6 டீசல் கார்களில் ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறியிருந்தால் கவனம் தேவை. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. தினமும் நகருக்குள் சிறு சிறு தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று எழுதியிருப்பதில் முதல் எண் குளிரிலும் இரண்டாவது எண் ஓடும் சூட்டிலும் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் குறிக்கிறது. கெட்டியான ஆயில்தான் நல்லது என்ற பழைய நம்பிக்கை புதிய பெட்ரோல் என்ஜின்களுக்கு ஒத்துவராது. அவற்றின் ஆயில் வழிகள் நுண்மையானவை, இளகிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. அழுத்தமில்லாத ஆயிலோடு என்ஜின் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

வெள்ளம் வந்தால் இந்தச் சோதனைகளே என்ஜினைக் காப்பாற்றும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்ப்பதுதான் அப்போது செய்யும் பெரிய பிழை. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது, அதற்குத் தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய காரை இழுத்துச் சென்று, என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் சோதித்து, சந்தேகம் இருந்தால் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

மற்றவற்றுக்கு அதிக நேரம் பிடிக்காது. புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் மின்சார பவர் ஸ்டீயரிங் என்பதால் அதற்குத் தனி ஆயில் கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வாடிக்கையாளரே தொடாமல் பணிமனையில் விடுவது நல்லது. திறந்து நிரப்பும் பேட்டரியாக இருந்தால் தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றலாம், ஆசிட் ஊற்றக் கூடாது. பிஎஸ் 6 டீசல் கார்கள் சிலவற்றில் நீல மூடியுள்ள தொட்டிக்கு யூரியாக் கரைசல் வேண்டும். எச்சரிக்கையைப் புறக்கணித்து அது தீர்ந்தால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

சந்தேகம் இருந்தால் இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைக்கலாம். நிறமோ வாடையோ இல்லாத நீர் ஏசியிலிருந்து சொட்டியது, கவலை வேண்டாம். கறுப்பும் பழுப்புமாகப் பிசுபிசுத்தால் என்ஜின் ஆயில். பளிச்சென்ற நிறத்தோடு இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் வழவழப்பாக ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அன்று வண்டியை எடுக்கக் கூடாது.

கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மீந்த கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர்கள் பழையதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் மூடியுள்ள கேனில் பிடித்துப் பணிமனையில் கொடுத்தால், அங்கிருந்து அது மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேர வழி உண்டு.