கீறாத இடமே ஒளி

ஓவியம் என்றதும் வண்ணமே நம் நினைவில் எழும். வண்ணம் ஏதுமின்றிக் கோடுகளைக் கொண்டே நிலத்தின் வெயிலையும் நிழலையும் காட்டும் கலையும் உண்டு. அதுவே ‘எட்சிங்’ எனப்படும் அமில அச்சோவியம்.

செப்புத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சிட்டு, கூரிய ஊசியால் அதனைக் கீறி வரைவர். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்கள் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். பின்னர்ப் பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை விரித்து உருளைப் பொறியில் அழுத்துவர். படம் இடவலம் மாறித் தாளில் பதியும்.

இத்தாலிய நாட்டுப்புறத்தை இக்கலையில் நிலைபெறச் செய்தோருள் ஒருவர் ஜோர்ஜோ மொராந்தி (1890–1964). பொலோன்யா நகரில் பிறந்த அவர், 1913 முதல் பல கோடைகளைக் கிரிட்ஸானா என்னும் மலையூரில் கழித்தார். அவ்வூரின் வீடுகளையும் மரங்களையும் சரிவுகளையுமே மீண்டும் மீண்டும் வரைந்தார். நிழல் வேண்டுமிடத்தில் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கினார். வெயில் வேண்டுமிடத்தில் ஊசியை விலக்கிக்கொண்டார். 1933இல் அவர் படைத்த ‘வெண்சாலை’யில் வெயிலில் ஒளிரும் பாதையாக நாம் காண்பது பெரும்பாலும் தாளின் வெண்மையே.

பழைய கையேடுகளின் துணையுடன் தாமே இக்கலையைப் பயின்ற அவர், 1930 முதல் 1956 வரை பொலோன்யா நுண்கலைக் கழகத்தில் அதனைக் கற்பித்தார். 1985இல் அம்மலையூர் ‘கிரிட்ஸானா மொராந்தி’ எனப் பெயர் பூண்டது.

எழுதுகோல் ஏந்தும் நாமும் அவரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: சொல்ல வேண்டியதைத் தேர்வதுபோலவே, சொல்லாது விட வேண்டியதையும் தேர்தல் வேண்டும்.