ஆறு இலக்கத்தில் எங்கள் ஊர்

எங்கள் வகுப்பில் ஒரு நாள் தமிழ்ப் பாடவேளையில் கடிதம் எழுதும் பயிற்சி நடந்தது. உறைமேல் அவரவர் வீட்டு முகவரியை எழுதச் சொன்னார் சிஸ்டர். கதவு எண், தெரு, ஊர் என்று மளமளவென எழுதிய நாங்கள் கடைசி வரியில் விழித்தோம். பின்கோடு பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களில் சிலர் மதுரையின் எண்ணை எழுதியிருந்தார்கள்! அன்றுதான் இந்த ஆறு இலக்கங்களைப் பற்றி அறிந்துகொள்ள ஆவல் பிறந்தது.

ஜெயமங்கலத்தின் எண் 625603. வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருள் உண்டு.

நம் நாடு ஒன்பது அஞ்சல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கம் அந்த மண்டலத்தைக் குறிக்கும். 1 என்றால் தில்லி, பஞ்சாப் முதலிய வட பகுதி. 4 என்றால் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் முதலியவை. 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றுக்கு உரியது. இரண்டாவது இலக்கம் மண்டலத்துக்குள் உள்ள பகுதியைக் காட்டும். 60 முதல் 64 வரை தமிழ்நாடு. 67 முதல் 69 வரை கேரளம். கம்பத்தின் எண் 625516. மலை ஏறிக் குமுளியில் கால் வைத்தாலோ 685509. மூன்றாவது இலக்கம் சேர்ந்தால் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம் தெரிந்துவிடும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைச் சுட்டும். பெரியகுளம் 625601, தேனி 625531, போடி 625513. சிற்றூர்களில் உள்ள கிளை அஞ்சலகங்களுக்குத் தனி எண் இல்லை. தாய் அஞ்சலகத்தின் எண்ணே அவற்றுக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. 625 மதுரையின் எண் அல்லவா? தேனி தனி மாவட்டமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றனவே? எண்கள் வழங்கப்பட்டது 1972-இல். தேனி பிரிந்தது 1990-களில். மாவட்டம் மாறியது, எண் மாறவில்லை. திண்டுக்கல்லின் கதை வேறு. அது 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் அஞ்சல் துறை அதற்கு முன்பே 624 என்று தனி எண் தந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானல் மலையும் 624-தான். ஆகவே அஞ்சல் துறையின் வரைபடமும் அரசாங்கத்தின் வரைபடமும் ஒன்றல்ல என்பது விளங்கும். புதுச்சேரியைப் பாருங்கள்: புதுச்சேரி நகரம் 605, காரைக்கால் 609, மாகி 673, ஏனாம் 533. ஒரே ஆட்சிப் பகுதி, ஆனால் ஏனாம் மட்டும் ஆந்திரத்தோடு 5-ஆம் மண்டலத்தில்! கடிதம் எந்த வழியாகப் போய்ச் சேருமோ அந்த வழியைப் பார்த்தே எண் கொடுத்திருக்கிறார்கள்.

இத்திட்டம் 1972 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்தவர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார் என்று அறிந்தபோது கணக்குக்கும் கவிதைக்கும் பகையில்லை என்று எங்களுக்கு ஆறுதலாயிற்று. அதற்கு முன்பும் பெருநகரங்களில் எண் இருந்தது. தியாகராய நகரை 'சென்னை-17' என்று எழுதுவார்கள். அந்த 17 இன்றும் 600017-இல் கடைசியாக நிற்கிறது.

ஒன்பதாவது மண்டலம் நிலப்பகுதி அல்ல, இராணுவத்துக்கு உரியது. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை படையில் இருக்கிறார். அவருக்கு எழுதும் உறையில் ஊர்ப் பெயரே கிடையாது. 9-இல் தொடங்கும் எண்தான். அவர் பனிமலையில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று உறையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. கடிதம் மட்டும் அவர் கைக்குப் போய்விடும்.

ஊர்ப் பெயர் இருக்க எண் எதற்கு என்று கேட்கலாம். ஆந்திரத்திலும் ஒரு கம்பம் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். அதன் எண் 523333. எங்கள் பக்கத்திலேயே மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று இரண்டு. தில்லியில் கடிதம் பிரிப்பவருக்குத் தமிழும் தெரியாது, வராக நதியும் தெரியாது. 6 என்பதைக் கண்டதும் தெற்கே அனுப்பிவிடுவார். அவருக்கு அது போதும்.

எண் பிசகினால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் கண்டோம். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்த அக்கா ஒருவர் அவசரத்தில் 2-ஐ 3 போலச் சுழித்துவிட்டார். 635 என்பது கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அந்தப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது, தேர்வு முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. தபால்காரர் அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஊர் பேரெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, நம்பரத்தான் மாத்திப்புட்ட" என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை. அவருடைய அம்மா களையெடுத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய விண்ணப்பக் கட்டணம் அது.

2025-இல் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்ற புதிய முறையை வெளியிட்டது. நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறிகள். அதன்படி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு முகவரி, மாட்டுக்கொட்டகைக்கு வேறொரு முகவரி! ஆனால் பின்கோடு ஒழியவில்லை. ஆதார் அட்டையானாலும் அஞ்சலட்டையானாலும் இன்றும் அந்த ஆறு இலக்கம் வேண்டும்.

அந்த அக்கா மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை எண்ணை எழுதியது அவருடைய தம்பி. கட்டத்துக்கு ஓர் இலக்கமாக, அச்சடித்தாற்போல் எழுதினான். அழைப்பு நேரே வந்தது. இப்போது அவர் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்.