ஏரிக்கரையில் ஓர் ஓட்டம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குச் சென்று வந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். தமிழர்கள் கால் நடையாய்ச் செல்லச் சோம்பல்படுகிறவர்கள் என்று யாரேனும் சொன்னால் அது சுத்தப் பொய்! மலையைச் சுற்றிய பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இடுப்பில் குழந்தையைச் சுமந்த தாய்மாரும், கோலூன்றிய கிழவர்களும் அதை வெறுங்காலோடு ஒரே இரவில் நடந்து முடிக்கிறார்கள். முந்தி வந்தவர் யார் என்று அங்கே ஒருவரும் விசாரிப்பதில்லை. பிந்தி வந்தவரைப் பார்த்துச் சிரிப்பவரும் இல்லை.

அந்தப் பாதையை மூன்று முறை சுற்றினால் 42 கிலோமீட்டர் ஆகிறது. இன்னும் 195 மீட்டர் கூட்டிக்கொண்டால், உலகமெங்கும் "மாரத்தான்" என்று பெயர் பெற்ற ஓட்டத்தின் தூரம் சரியாக வந்துவிடும். ஆகவே, நமக்குப் புதியது அந்தத் தூரமன்று, ஓட்டம் ஒன்றுதான்.

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அந்த வட்டாரத்து ஏரிக்கரை ஒன்றில் தை மாதத்து விடியற்காலையில் நின்று பார்க்க வேண்டும். மேற்கே அண்ணாமலை நீல நிறமாய் எழுந்து நிற்கும். ஒரு புறம் தண்ணீர். மறு புறம் நெல் வயலும் மணிலாக் கொல்லையும். காலை இளவெயில், குளிர்ந்த காற்று, நீர்ப்பறவைகளின் கூச்சல். இப்படிப்பட்ட இடத்தில் ஊரார் ஒன்று கூடி ஒரு சிறு ஓட்டம் நடத்தினால் என்ன? இந்த எண்ணத்தைத்தான் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தண்ணீர்க்காரர் வென்ற பந்தயம்

மாரத்தான் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற ஸ்பிரிடான் லூயிஸ், ஊராருக்குத் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஏழை! அன்று தூரம் சுமார் 40 கிலோமீட்டர். 1908-இல் லண்டனில் வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டு அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் முன் முடியும்படி பாதையை வகுத்தார்கள். அதனால் ஏற்பட்டதே 42.195 கிலோமீட்டர் என்ற விசித்திரமான கணக்கு. 1921-இல் அதுவே நிலையான தூரமாயிற்று.

நம் தேசத்தாரும் இதில் பின்தங்கியவர்களல்லர். 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பதேப்பா சௌகுலே ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். 1976-இல் மான்ட்ரியாலில் சிவநாத் சிங் பதினொன்றாவதாக வந்தார். அவரே 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி ஏற்படுத்திய தேசீய சாதனை, பல பத்தாண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

அண்டை ஊரில் ஓர் உதாரணம்

பரிசுப் பணத்தையும் விளம்பரத்தையும் நோக்காமல் ஓட்டம் நடத்த முடியுமா என்று கேட்கலாம். செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே போனால் விடை கிடைக்கும். 1968-இல் ஆரோவில் நகரம் தோன்றியபோது அந்த மேட்டு நிலம் மழை அரித்த செம்மண் பொட்டல். பல ஆண்டுகள் பாடுபட்டு அதைக் காடாக்கினார்கள். அந்த மரநிழற் பாதைகளில் 2008-ஆம் ஆண்டில் ஒரு மாரத்தான் தொடங்கியது. அங்கே முக்கியம் போட்டியன்று, ஓடுவதிலுள்ள ஆனந்தமே. ஒரு சமூகம் தான் வளர்த்த காட்டை விருந்தினருக்குக் காட்டி மகிழும் விழா என்றே அதைச் சொல்லலாம். அங்கே காடு, இங்கே ஏரி. வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்படி நடத்துவது?

முதலில் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கரை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய் வந்தால் 5 கிலோமீட்டர். இரு முறை என்றால் 10. முழு மாரத்தான் ஓட வேண்டுமானால் எட்டு முறைக்கு மேல் போய் வர வேண்டும். ஓடுகிறவருக்குத் தலை சுற்றுமோ என்னவோ, பார்க்கிறவர்களுக்கு நிச்சயம் சுற்றிவிடும்! ஆகவே சிறுவர்க்கும் முதியோர்க்கும் 5, பழகியவர்க்கு 10 என்று தொடங்கலாம். இன்னும் வேண்டுமென்போர் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கிராமச் சாலை வழியாக 21 கிலோமீட்டர் ஓடட்டும்.

தூரத்தை அளக்கச் சைக்கிள் போதும். நேரான சாலையில் எஃகு நாடாவால் அளந்த தூரத்துக்குச் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்று முதலில் கணக்கிட்டு, பிறகு பாதையை அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதே என்று 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் கூட்டிக்கொள்வதும் வழக்கம். பெரிய மாரத்தான்களுக்கும் முறை இதுவே.

ஏரிக்கரை குறுகலானது, சரிவும் உண்டு. எல்லோரையும் ஒரே சமயத்தில் கிளப்பாமல், சிறு சிறு குழுவாக அனுப்ப வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. உரியவர்களிடம் முன்னதாகவே அனுமதி பெறுவது அவசியம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பறவைகள் நமக்கு முன்பே அங்கே குடியிருப்பவை.

வெயிலும் தண்ணீரும்

இந்த விஷயத்தில் அலட்சியம் கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலிலும் புழுதியிலும் 32 பேர் கிளம்பினார்கள். முடித்தவர்கள் 14 பேர்தாம். வழியில் தண்ணீருக்குப் போதிய ஏற்பாடு இல்லை. 1912-இல் ஸ்டாக்ஹோமில் போர்ச்சுகல் தேசத்து வீரர் பிரான்ஸிஸ்கோ லாசரோ வெயிலில் ஓடி மயங்கி விழுந்து, மறு நாள் இறந்தார். குளிர் தேசத்திலேயே அப்படியென்றால் நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்பானேன்? தை, மாசி மாதங்களில், கிழக்கு வெளுக்கும்போதே ஓட்டம் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். ஒருவர் வெப்பத் தாக்கால் தள்ளாடி விழுந்தால், ஐஸ் கலந்த தண்ணீரால் உடனே அவர் உடலைக் குளிர்விப்பதே முதற் சிகிச்சை. 108 வண்டியை அதே சமயத்தில் அழைக்கலாம். வண்டி வரட்டும் என்று கை கட்டிக் காத்திருக்கலாகாது.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோரும் அறிந்ததே. மிதமிஞ்சிக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நல்லது. நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் போடக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. மண்பானைத் தண்ணீரும், பானகமும், உப்பிட்ட நீர்மோரும் வைத்தால் போதும். பிளாஸ்டிக் குவளை ஒன்றுகூட ஏரியில் மிதக்கக் கூடாது.

பெண்கள் ஓடலாமா?

ஓடலாமா என்பதன்று கேள்வி. ஓட வழி செய்தோமா என்பதே கேள்வி. 1967-இல் பாஸ்டனில் 261-ஆம் எண்ணை அணிந்து ஓடிய காத்ரின் சுவிட்ஸரை, அதிகாரி ஒருவர் வழியில் பிடித்துத் தள்ள முயன்றார். அவர் ஓடி முடித்தார். 1972-இல்தான் பாஸ்டனில் பெண்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது. 1984-இல்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஏற்பட்டது. கிரிவலத்தில் பாதி இரவு நடக்கும் நம் சகோதரிகளுக்கு வலிமை குறைவில்லை. கேலி செய்யாத கூட்டமும், உடை மாற்ற மறைவான இடமும், கழிப்பறையும் இருந்தால் தாமே முன்வருவார்கள்.

ஏரிக்கு என்ன லாபம்?

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கி வைத்துப் பயிர் செய்யும் பூமி இது. ஏரி தூர்ந்தால் வயல் காயும்; கிணறும் வறளும். கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக்கால்களைத் தூர் வாருவதும் ஒரு காலத்தில் ஊரார் தாமே கூடிச் செய்த குடிமராமத்து. அந்த வழக்கத்தை வெள்ளையர் சர்க்கார் 1858-இல் கட்டாய வேலைச் சட்டமாக்கினர். நாளடைவில் ஏரி சர்க்காருடையது, நமக்கென்ன என்ற மனப்பான்மை வேரூன்றிவிட்டது. ஆக்கிரமிப்பைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டமும் வந்தது. ஆயினும், ஊராரின் கண் படாத ஏரியை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

ஓட்டம் நடத்துவதென்றால், கரையில் முளைத்த சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும். எலி வளைகளையும் அரிப்பையும் அடைக்க வேண்டும். மதகும் கலங்கலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் இருநூறு பேர் கரை முழுவதும் ஓடினால், நானூறு கண்கள் அந்த ஏரியைப் பார்க்கின்றன. சென்ற ஆண்டு தண்ணீர் நின்ற இடத்தில் இந்த ஆண்டு வேலி முளைத்திருந்தால், ஒரு கண்ணாவது அதைக் காணாமலிருக்குமா? ஓட்டத்தில் மிஞ்சிய பணம் வரத்துக்கால் வேலைக்குப் போகட்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம்: ஆயிரக் கணக்கில் ஆள் சேர்க்கும் பேராசை வந்தால், கரையும் கெடும், ஓட்டமும் கெடும். சிறியதாய் இருப்பதே இதன் சிறப்பு.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறிட்டால் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்தார். வழி நெடுக ஜனங்கள் சோறிட்டார்கள். நடப்பவர் சிலர், உபசரிப்பவர் ஊரார் எல்லோரும் என்ற அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. அன்று உப்புக்காகச் செய்ததை இன்று தண்ணீருக்காகச் செய்ய முடியாதா?

கீழ்பென்னாத்தூர் இளைஞர்களே! வரும் தை மாதத்தில் ஏரி நிறைந்திருக்குமானால், ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் கரையை அளந்து பாருங்கள். மற்ற ஏற்பாடுகளை உங்கள் தாய்மாரும் தந்தைமாரும் கவனித்துக்கொள்வார்கள்.