கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர் (மறைவு: 1834)

ஜார்ஜ்டவுனுக்கு மேயர் இல்லாத காலத்தில், அந்தந்தச் சமூகத்தின் வழக்குகளைத் தீர்த்து வைத்தவர்கள் கப்பித்தான்கள். தென்னிந்திய வணிகரான காதர் முகைதீன் மரைக்காயர் 1801-இல் தம் சமூகத்தின் கப்பித்தான் ஆனார். கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தவரை மக்கள் தலைவர் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, கடலோடிகளையும் கூலிகளையும் கட்டுக்குள் வைக்கக் கம்பெனிக்கு இடையாள் தேவைப்பட்டார். ஆனால் 1807-ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தால் முறையான நீதிமன்றம் வந்து கப்பித்தான்களின் தீர்ப்பதிகாரம் சுருங்கிய பின்னும் இவர் செல்வாக்கு மங்கவில்லை. அது பதவியில் மட்டும் வேரூன்றியிருந்தால் அப்போதே பட்டுப்போயிருக்கும்.

அந்த வேர் இந்தப் பள்ளிவாசல். கம்பெனி அளித்த 18 ஏக்கர் நிலத்தில் இவர் முன்னின்று எழுப்பியது இது. இன்று நீங்கள் காணும் குவிமாடங்கள் 20-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் உருவானவை. இவர் வக்ஃபாக விட்டுச் சென்ற சொத்தும், அருகே கம்போங் கோலாமில் உள்ள அடக்கத்தலமும் இவர் பெயரைக் காத்து நிற்கின்றன.

வாக்குரிமை வழியே வந்த தலைமை வேறு. நகரின் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரான பிறகே அப்பொறுப்பை ஏற்றார். ஆனால் ஈட்டிய பொருளைப் பொதுச்சொத்தாக்கிய காதர் முகைதீன், அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்நகரில் தமிழ் முஸ்லிம்களுக்கு நிலையான இடம் தேடித் தந்தார்.