ஞாயிற்றுக்கிழமைக் கறியின் கணக்கு

குபேர் மார்க்கெட்டில் ஆகட்டும், வில்லியனூர் சாலையோரத்தில் ஆகட்டும், ஞாயிறு காலையில் கறிக்கடை முன்னால் கூடும் கூட்டத்தைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைக் கிலோ தொடைக்கறி, கொஞ்சம் ஈரல், நெஞ்செலும்பு தனியாக என்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். அன்று ஊரில் எத்தனை ஆடு அறுபட்டது, எவ்வளவு கறி கிடைத்தது என்பதற்கு அரசிடம் கணக்கு இருக்கிறதா? இருக்கிறது. அது எப்படி உருவாகிறது, அதில் எது எண்ணியது, எது மதிப்பிட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

முதலில் பெரிய எண்ணிலிருந்து தொடங்குவோம். மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை ஆண்டுதோறும் அடிப்படைக் கால்நடைப் புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகிறது. வர்கீஸ் குரியன் பிறந்த நாளான நவம்பர் 26 தேசியப் பால் நாள் என்பதால், பெரும்பாலும் அன்றுதான் வெளியாகும். அதன்படி 2023-24இல் இந்தியாவின் இறைச்சி உற்பத்தி ஏறத்தாழ 102.5 லட்சம் டன். அதில் கிட்டத்தட்டப் பாதி கோழிக்கறி. மாநிலங்களில் மேற்கு வங்கம் முதலிடம். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குத் தலைக்கு ஏழு கிலோ சொச்சம் வரும்.

இதையும் கால்நடைக் கணக்கெடுப்பையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். வீடு வீடாக வந்து மாடு எத்தனை, ஆடு எத்தனை என்று கேட்டு எழுதும் கணக்கெடுப்பு 1919இல் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதன் 20ஆவது சுற்றின் முடிவுகள் 2019இல் வந்தன. 21ஆவது சுற்று 2024 அக்டோபரில் தொடங்கியது. அது உயிரோடு இருக்கும் கால்நடைகளை எண்ணுகிறது. பால், முட்டை, இறைச்சி, கம்பளி எவ்வளவு கிடைத்தது என்பதற்கு ஒருங்கிணைந்த மாதிரிக் கணக்கெடுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. மாநிலங்களின் கால்நடைத் துறைகள் நடத்தும் இதற்கு ஆண்டு என்பது மார்ச்சில் தொடங்கி பிப்ரவரியில் முடிவது. கோடை, மழை, குளிர் என்று நான்கு நான்கு மாதமாக மூன்று பருவங்கள்.

இறைச்சிக் கணக்கு இரண்டே எண்களின் பெருக்கல்: அறுபட்ட கால்நடைகளின் எண்ணிக்கை ஒன்று, ஒரு கால்நடையிலிருந்து கிடைக்கும் இறைச்சியின் சராசரி எடை இன்னொன்று.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகளின்படி, நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரமோ உரிமமோ பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். சினையாக இருப்பதை அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளைக்கு 96 உருப்படிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. இப்படி மருத்துவர் பார்த்து எழுதும் பதிவேட்டு வரிதான் பின்னால் புள்ளிவிவரமாகிறது. அமெரிக்க வேளாண் துறையால் இறைச்சிக் கணக்கை மாதாமாதம் வெளியிட முடிவதற்கும் இதுவே காரணம். அங்கே பெரும்பாலான கால்நடைகள் அரசு ஆய்வாளர் நிற்கும் கூடத்தில்தான் அறுபடுகின்றன. சோதனையும் எண்ணிக்கையும் ஒரே வேலையாக முடிந்துவிடுகின்றன.

நம் ஊர்களில் அப்படியில்லை. கடைக்குப் பின்புறம் உரிப்பது, கோயிலில் கெடா வெட்டுவது, வீட்டு விசேஷத்துக்கு அறுப்பது எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவற்றை மாதிரி எடுத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அடுத்தது எடை. உயிரோடு இருபது கிலோ நிற்கும் ஒரு வெள்ளாட்டை எடுத்துக்கொள்வோம். ரத்தம் வடித்து, தோலை உரித்து, தலையும் காலும் நீக்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுக் கொக்கியில் தொங்கவிட்டால் ஒன்பது பத்துக் கிலோதான் மிஞ்சும். உலக உணவு வேளாண் அமைப்பின் வழக்கப்படி இறைச்சி என்றால் இந்தத் தொங்கும் உடலின் எடை மட்டுமே. ஈரல், குடல் போன்றவை அதில் சேரா. ஆனால் நாம் தலைக்கறியும் ஆட்டுக்கால் பாயாவும் குடல் குழம்பும் சுவரொட்டியும் சாப்பிடுகிறவர்கள். நம் இலையில் விழுவதைவிடப் புள்ளிவிவரத்தின் இறைச்சி குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தராசைக் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. சராசரி எடையில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ பிசகினால், மொத்த ஆட்டுக்கறிக் கணக்கும் பத்தில் ஒரு பங்கு பிசகும்.

எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். செவ்வாய்க்கிழமைக் கடையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல முடியாது. புரட்டாசியில் வியாபாரம் படுத்துவிடும். வள்ளலார் நினைவு நாளிலும் மகாவீர் ஜெயந்தியிலும் கறிக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வரும். தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. அதாவது அதே பண்டிகை ஓராண்டு குளிர்ப் பருவத்திலும் மறு ஆண்டு மழைப் பருவத்திலும் விழுகிறது. இது தெரியாமல் பருவ எண்களை ஒப்பிட்டால், மழைக்காலத்தில் கறி தின்பது கூடிவிட்டது என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம்.

இன்னொரு சிக்கல் புதுச்சேரிக்கே உரியது. இறைச்சி எங்கே அறுபடுகிறதோ அந்த ஊரின் உற்பத்தியாகவே கணக்கில் ஏறும். செஞ்சி வாரச்சந்தையில் வாங்கி வந்த ஆட்டைப் புதுச்சேரியில் அறுத்தால் அது புதுச்சேரியின் உற்பத்தி. முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் அறுத்தால் தமிழ்நாட்டின் உற்பத்தி. எல்லை தெருக்களுக்கு நடுவே ஓடுகிற ஊரில், ஒரு கடை இடம் மாறினாலும் எண் மாறும். ஆகவே இந்த எண்ணை வைத்து நம் விவசாயிகள் எவ்வளவு ஆடு வளர்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. மாஹே கேரளத்துக்கு நடுவிலும் ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவிலும் இருப்பதால், நான்கு பகுதிகளையும் கூட்டிப் போடும் ஒற்றை எண் எந்தப் பகுதியின் உணவுப் பழக்கத்தையும் சரியாகக் காட்டாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கல்யாணப் பந்திக்கு வடித்த அண்டா ஆனாலும் வீட்டுப் பானை ஆனாலும், பதம் பார்க்க எடுக்கும் பருக்கை ஏறக்குறைய ஒரே அளவுதான். மாதிரிக் கணக்கெடுப்பும் அப்படித்தான். ஊர் சிறியது என்பதற்காக மாதிரியை அதே விகிதத்தில் குறைத்துவிட முடியாது. குறைத்தால் பிழை பெருகும். உத்தரப் பிரதேசத்தில் ஒன்றுக்கொன்று ஈடாகிப்போகும் பிழைகள், 2011 கணக்கின்படி பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நம் ஒன்றியப் பகுதியில் எண்ணையே ஆட்டிவிடும்.

அதற்கு மருந்தும் இந்தச் சிறுமையிலேயே இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் இரண்டு நகராட்சிகள், ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்; மொத்தம் ஏழே உள்ளாட்சிகள். கொம்யூன் என்ற அமைப்பே 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையிலிருந்து வருவது. ஊர் நிர்வாகத்துக்கு இங்கே நெடிய பழக்கம் உண்டு. பெரிய மாநிலங்கள் மதிப்பிட்டுத்தான் தீர வேண்டும். நாம் முழுமையாகவே எண்ணிவிடலாம். எல்லாக் கறிக்கடைகளுக்கும் எட்டும் தூரத்தில் சுத்தமான இறைச்சிக்கூடமும், கட்டுப்படியாகும் கட்டணமும், விடியற்காலையில் வந்து நிற்க மருத்துவரும் இருந்தால் கடைக்காரர் ஏன் கடைக்குப் பின்னால் அறுக்கப்போகிறார்?

இது வெறும் எண் விவகாரம் அல்ல. உரித்த ஆட்டின் ஈரலில் தட்டைப்புழுவும் நுரையீரலில் நீர்க்கட்டியும் மருத்துவர் கண்ணில் படும். எந்தப் பக்கத்து மந்தையில் நோய் இருக்கிறது என்று அங்கிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கலாம். ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகத்தை விட்டே ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கும் காலத்தில், எண்ணப்படாத ஒவ்வோர் ஆடும் சோதிக்கப்படாத ஆடு.

புதுச்சேரி அரசு கொம்யூன் வாரியாக, மாதம் தவறாமல் இந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாமும் அடுத்த ஞாயிறு கறி வாங்கும்போது, ஆட்டை எங்கே அறுத்தீர்கள், டாக்டர் முத்திரை எங்கே என்று கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்போம். நூறு பேர் கேட்டால் முத்திரை வரும். முத்திரை வந்தால் கணக்கும் வரும்.