காற்றும் சாட்சி சொல்லும்



உணவு கெட்டிருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். தண்ணீர் கலங்கியிருந்தால் வடிகட்டிக் குடிக்கிறோம். ஆனால் காற்றை? இருப்பதைத்தான் சுவாசிக்க வேண்டும். மாசடைந்த காற்று உடலை என்ன செய்கிறது என்பதை ஒரு பள்ளத்தாக்கு உலகுக்குக் காட்டியது.

அமெரிக்காவிலுள்ள யூட்டா பள்ளத்தாக்கு மலைகள் சூழ்ந்தது. குளிர்காலத்தில் தரையையொட்டித் தங்கும் குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். புகை மேலே போக வழியிராது. அங்கே ஜெனீவா என்னும் பெரிய எஃகு ஆலை இருந்தது. தொழிலாளர் பிரச்சினையால் 1986 ஆகஸ்டு முதல் சுமார் 13 மாதங்கள் அது மூடிக்கிடந்தது. பின்பு மீண்டும் இயங்கியது.

பொருளியல் பேராசிரியர் ஆர்டன் போப் அப்பகுதி மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் காற்றிலிருந்த தூசியின் அளவு, மூடிய குளிர்காலத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மூச்சு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளோ இரண்டு முதல் மூன்று மடங்கு! இத்தனைக்கும், ஆலை மூடிய அந்தக் குளிர்காலத்தில் காற்று அதிகமாகவே தேங்கி நின்றது. எனவே பழியை வானிலைமேல் போட முடியவில்லை.

அடுத்து, ஆறு அமெரிக்க நகரங்களில் 8,000க்கும் அதிகமானோரை 14 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த ஆய்வு 1993இல் வெளியானது. புகைப்பழக்கம் போன்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், மாசு மிகுந்த நகரில் இறப்பு விகிதம், தூய்மையான நகரைவிட 26 விழுக்காடு அதிகம். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களுக்கு 1997இல் அமெரிக்க அரசு முதன்முறையாக வரம்பு விதித்தது.

ஆலை மூடியதால் பிள்ளைகள் நலம் பெற்றார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாமா? வேலையின்றி நின்ற தொழிலாளியின் வீட்டு அடுப்பையும் நினைக்க வேண்டும். தந்தையின் பிழைப்பா, பிள்ளையின் மூச்சா என்று ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நீதியன்று. புகையை வடிகட்டும் செலவை ஆலை ஏற்க மறுத்தால், அச்செலவு மறைந்துபோவதில்லை. மருத்துவமனைச் செலவாக ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிறது.

காற்று மாசு குறிப்பாக ஏழைகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லவுதாத்தோ சி' திருமடலில் சுட்டிக்காட்டினார். தெருவோரம் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போதும் இதே நுண்துகள்கள்தாம் எழுகின்றன. அந்தப் புகை யாருடைய பிள்ளையின் மார்புக்குள் போகிறது? சிந்திப்போம்.